முன்னாடி போய் நிக்காதீங்க டீச்சர்

எங்கள் பக்கத்தில் ஓட்டத்துக்கு நேரம் குறிப்பதென்றால் அது மாட்டுக்குத்தான். தை பிறந்ததும் கே.வி.குப்பம், அணைக்கட்டு என்று சுற்றுவட்டாரமெல்லாம் எருது விடும் விழா தொடங்கிவிடும். தெருவின் இருபுறமும் கட்டைகளைக் கட்டி, காளைகளை ஒவ்வொன்றாக விட்டு, குறித்த தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பார்ப்பார்கள். மதுரைப் பக்கம்போல யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. மாடு ஓட வேண்டும், அவ்வளவுதான். விநாடிக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து நேரம் சொல்வார்கள். அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்காக உறவு முறிந்த பங்காளிகளை நான் அறிவேன்.

அதனால்தானோ என்னவோ, ஆறு கிலோ நாய் ஒன்றை ஓடவிட்டு நான் ஸ்டாப்வாட்ச் பிடிப்பதைப் பார்த்து எங்கள் தெருவில் சிரிக்காத ஒரே மனிதர் பால்காரர் அண்ணன். அவர் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து மாடு விடுகிறார்கள். ஒருநாள் காலை வண்டியை நிறுத்திவிட்டு, காலி மனையின் ஓரம் நின்று பத்து நிமிடம் பார்த்தார். மற்றவர்கள் எல்லாரும் "எதுக்கு டீச்சர் இதெல்லாம்?" என்றுதான் தொடங்குவார்கள். அவர், "எத்தினி செகண்டுல வருது டீச்சர்?" என்றார்.

விருதம்பட்டில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில். சீமைக்கருவேலம் முளைக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டேன், அதாவது சாவியை. அங்கேதான் பொரி என்ற அந்த நாயும் நானும் மூன்று வருடமாக அஜிலிட்டி, அதாவது நாய்களுக்கான தடைதாண்டும் விளையாட்டு, பழகுகிறோம்.

பொரி ஒரு கார்த்திகை மாதத்தில் வீட்டுக்கு வந்தாள். என் மாமியார் திருவண்ணாமலைப் பக்கம். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்ததை அவர் இன்னும் முழுமனதாக ஏற்றுக்கொள்ளவில்லை. தீபத்தன்று பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது மகள் இந்த வெள்ளைக் குட்டியைக் கொண்டுவந்து தரையில் விட்டாள். அது நேரே போய்ப் பொரித் தட்டில் உட்கார்ந்தது. எது பொரி, எது நாய் என்று தெரியவில்லை. பெயர் அங்கேயே வைத்தாயிற்று. மகள் கோயம்புத்தூரில் படிக்கப் போய்விட்டாள். நாய் எங்களோடு தங்கிவிட்டது. பிள்ளைகள் நாய் வளர்க்கும் எல்லா வீடுகளிலும் நடப்பதுதான் இது.

தெருவில் எல்லாரும் அவளைப் பொமரேனியன் என்கிறார்கள். அவள் இந்தியன் ஸ்பிட்ஸ். தோளருகே அளந்தால் 27 சென்டிமீட்டர். ஒரு பள்ளிக்கூட அடிக்கோல் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே. சாப்பாட்டு நேரத்துக்கும் காலிங்பெல்லுக்கும் மட்டும் அவளிடம் வேகம் இருந்தது. மீதி நேரம் குரைப்பு. கூர்க்கா, குப்பை வண்டி, காற்றில் ஆடும் கொடிக்கயிறு என்று பேதமில்லாமல் குரைப்பாள். இந்தக் குரைப்புக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று தேடியபோதுதான் அஜிலிட்டி வீடியோக்கள் கண்ணில் பட்டன.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மைதானத்தில் 15 முதல் 22 தடைகளை எண்ணிட்டு வைத்திருப்பார்கள். தாண்டுகிற கம்பி, நுழைகிற டனல், வளைந்து வளைந்து போகிற கழிகள், ஏறி இறங்குகிற பலகைகள், சீசா. நாய் அவற்றை வரிசை பிசகாமல் கடக்க வேண்டும். கூட ஓடுகிறவர் நாயையோ தடையையோ தொடக் கூடாது. கையில் தீனியோ பொம்மையோ இருக்கக் கூடாது. நாயைக் கயிற்றில் பிடிக்கவும் கூடாது. கம்பி விழுந்தால் ஐந்து பிழைப்புள்ளி. தடைக்கு முன் தயங்கி நின்றாலோ விலகிப் போனாலோ அதற்கும் ஐந்து. வரிசை மாறினால் ஆட்டம் முடிந்தது, வெளியே. ஒவ்வொரு போட்டியிலும் தடைகளின் வரிசை வேறு. நாய்க்கு அது முன்கூட்டித் தெரியாது. மனிதர்கள் மட்டும் சில நிமிடம் உள்ளே நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளலாம். வெற்று மைதானத்தில் பத்துப் பேர் கையை நீட்டிக்கொண்டு, இல்லாத நாயோடு பேசிக்கொண்டு திரிவதை முதல் தடவை பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள்.

இதன் பிறப்பே ஒரு இடைவேளையில்தான். 1978இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டம் கலையாமல் இருக்க ஏதாவது செய்யச் சொல்லி ஜான் வார்லி என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் பீட்டர் மீன்வெல் என்ற நாய்ப் பயிற்சியாளரைச் சேர்த்துக்கொண்டு, குதிரைகள் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்கு ஒன்று உண்டாக்கினார். இரண்டே வருடத்தில் பிரிட்டிஷ் கென்னல் கிளப் அதை அங்கீகரித்தது. இடைவேளைக் கூத்து இன்று உலகப்போட்டி வரை வந்துவிட்டது.

வேலூரில் இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பெங்களூரில் ஒரு பயிற்சியாளர் கிடைத்தார். வாரம் ஒரு வீடியோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவேன், அவர் திருத்திச் சொல்வார். சாமான்களை நானே செய்துகொண்டேன். கம்பிகளுக்கு முக்கால் அங்குல பிவிசி பைப். லாங் பஜாரில் ஒரு பாய் கடையில் நீளநீளமாக வெட்டச் சொல்லிக் கேட்டபோது, "பாத்ரூம் எத்தினி பேருக்கும்மா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிடம் யோசித்து, எல்போக்களுக்குப் பாதி விலைதான் வாங்கினார். பைத்தியத்திடம் லாபம் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

டனல் மட்டும் வாங்கியது. போட்டி டனலின் விட்டம் 60 சென்டிமீட்டர், நீளம் 3 முதல் 6 மீட்டர். நாய் உள்ளே பாயும்போது அது உருளாமல் இருக்க இருபுறமும் மணல்மூட்டை வைக்க வேண்டும். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் பாலாறு தெரியும். தண்ணீரில்லா ஆறு, மன்னனில்லாக் கோட்டை என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள் அல்லவா, அந்த ஆறு. 2021 நவம்பர் வெள்ளத்தில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்தில் கூடியது. மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் வறண்டுதான் கிடக்கும். அந்த ஆற்றின் கரையில் குடியிருந்துகொண்டு எட்டு மூட்டைக்கு எம்-சாண்ட் விலைகொடுத்து வாங்கினேன். இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இப்போது வேண்டாம்.

வெயிலைச் சொல்லாமல் வேலூரில் எதையும் சொல்ல முடியாது. மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். பொரிக்கு இரண்டு அடுக்கு ரோமம். "மொட்டை அடிச்சி விட்டா காத்தோட்டமா இருக்கும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கால்நடை மருத்துவர் கூடாது என்று தடுத்துவிட்டார். அந்த ரோமம்தான் வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறதாம். ஆகவே காலை ஐந்தேகாலுக்குத் தொடங்கி ஆறரைக்கு முடித்துவிடுவோம். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது. அக்னி நட்சத்திரம் முழுக்க வீட்டுக்குள் இரண்டு முக்காலியைச் சுற்றி வருவதோடு சரி. அதுவும் பாய் விரித்து. டைல்ஸ் தரையில் நாயைத் திருப்பினால் கால் வழுக்கும்.

மழை பெய்தால் வேறு தொல்லை. மறுவாரமே நெருஞ்சி படர்ந்துவிடும். பெரிய நாய்க்குப் பாதத்தில் குத்தும். பொரிக்கு வயிறு வரை ஒட்டிக்கொண்டு வரும்.

சின்ன நாய் என்றால் எல்லாம் சின்னதாகிவிடும் என்று நானும் முதலில் நினைத்தேன். தாண்டும் உயரம் குறையும், உண்மைதான். எஃப்சிஐ என்கிற உலக நாய்க் கழகக் கூட்டமைப்பின் விதிப்படி 35 சென்டிமீட்டருக்குக் குறைந்த நாய்கள் சிறிய பிரிவு, கம்பி 25 முதல் 30 சென்டிமீட்டர். பெரிய பிரிவில் 55 முதல் 60. ஆனால் பொரிக்கு 25 என்பதே ஏறக்குறைய அவள் உயரம். வளைந்து போகும் கழிகளுக்கு இந்தச் சலுகைகூட இல்லை. வீவ் போல் என்பார்கள். 12 கழி, ஒன்றுக்கொன்று 60 சென்டிமீட்டர். பார்டர் காலி மாதிரிப் பெரிய இனத்துக்கும் அதே 60, பொரிக்கும் அதே 60. முதல் கழி எப்போதும் நாயின் இடது தோளுக்குப் பக்கத்தில் இருக்கும்படி நுழைய வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாலும் அப்படித்தான்.

அதைப் பழக்கக் கழிகளை இரண்டு வரிசையாகப் பிரித்து நடுவில் சந்து மாதிரி விட்டேன். முதலில் நேராக ஓடி அந்தப் பக்கம் இருக்கும் ஈரல் துண்டை எடுக்க வேண்டும். கோழி ஈரலை அவித்து, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு நறுக்கியது. வாரத்துக்கு இரண்டு அங்குலம் சந்தைக் குறுக்கிக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் நேராக ஓட முடியாமல் இடுப்பை ஒடித்தாள். அதுதான் வேண்டியது. ஐந்து மாதமானது. ஒரு காலை, சந்தே இல்லாமல் ஒரே வரிசையாக நட்ட பன்னிரண்டிலும், கொடியில் காயும் துணிக்கு நடுவே பிள்ளைகள் ஓடுவதுபோல் வந்தாள். பார்க்க யாருமில்லை. மாமியாரை எழுப்பினேன். "இதுக்கா?" என்றார்.

சீசாதான் எங்களை ஆறு மாதம் அழவைத்தது. மூன்றரை மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குப் பலகை, நடுவில் ஒரு தாங்கி. நாய் ஏறிப் போகப் போக மறுமுனை இறங்கித் தரையில் அடிக்க வேண்டும், பிறகு கடைசிப் பகுதியை மிதித்து இறங்க வேண்டும். நான் கணக்கு டீச்சர், நெம்புகோலைப் பற்றி எனக்குச் சொல்லத் தேவையில்லை. இருபது கிலோ நாய் நடுப்புள்ளியைத் தாண்டிய கையோடு பலகை இறங்கத் தொடங்கிவிடும். ஆறு கிலோ நாய் அந்தரத்தில் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து போக வேண்டும். அதுவும் இறங்குமா இறங்காதா என்று தெரியாமல். ஒரு கிலோ எடையை முனைப்பகுதியில் வைத்தால் பலகை சில விநாடிகளில் மெல்லத் தரையைத் தொட வேண்டும் என்று விதி இருக்கிறது. தச்சர் செய்து தந்த பலகையில் ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கிலோவுக்கும் அசையவில்லை. தாங்கியை இரண்டு முறை மாற்றிய பிறகுதான் பருப்பு இறங்கியது.

பொரிக்கு உயரம் பயமில்லை. 'டமார்' என்ற சத்தம்தான் பயம். தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் போகிற இனம். எனவே பலகையின் இரண்டு முனைக்கும் கீழே பழைய தலையணைகளைப் போட்டு, இரண்டு அங்குலம் மட்டும் இறங்கும்படி வைத்தேன். சத்தம் வராது, ஈரல் வரும். பிறகு தலையணை போய் மடித்த போர்வை, போர்வை போய் சாக்கு, சாக்கு போய் ஒரு மெல்லிய துண்டு. துண்டையும் எடுத்த அன்று பலகை தரையில் அடித்தது. பொரி திரும்பி அந்தப் பலகையைப் பார்த்து ஒரு குரைப்புக் குரைத்தாள், கூர்க்காவைப் பார்த்துக் குரைப்பதுபோல. அப்புறம் ஈரலுக்கு வாயைத் திறந்தாள்.

இந்த இடத்தில் என் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருத்துவர் முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, குட்டி நாய்க்கு எலும்பு முதிரும்வரை கம்பியைத் தரையோடு வைத்துத்தான் பழக்க வேண்டும், உயரம் ஏற்றக் கூடாது. போட்டியிலும் 18 மாதம் ஆகாத நாயை விடுவதில்லை. இரண்டு, இந்த மாதிரிச் சின்ன இனங்களுக்கு முழங்கால் சில்லு விலகுவது சகஜம். ஓடும்போது பின்னங்கால் ஒன்றைத் தூக்கி இரண்டு எட்டு நொண்டிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல ஓடினால் உடனே கூட்டி வர வேண்டும். காலைத் தடவிப் பார்த்து, சில்லு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்றார். எடைதான் கூடுதல், ஏழரை கிலோ.

எடைக்குக் காரணம் நாலு மணிக் காபி. அத்தை ஒரு மேரி பிஸ்கட்டைக் காபியில் நனைத்துத் தானும் தின்று பொரிக்கும் கொடுப்பார். நான் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், டப்பாவை மேல் அலமாரியில் வைத்துப் பார்த்தேன். எழுபத்தெட்டு வயதில் அவர் ஸ்டூல் போட்டு ஏறுவதைப் பார்த்ததும் டப்பாவை நானே கீழே இறக்கிவிட்டேன். கடைசியில் ஒரு உடன்பாடு. காபி கூடாது, பிஸ்கட்டில் கால்வாசி மட்டும். "வாயில்லா ஜீவனப் பட்டினி போட்டு என்ன பதக்கம் வாங்கப் போற?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டே கால்வாசி உடைப்பார். அவருடைய கால்வாசி பின்னங்களின் எந்த விதிக்கும் அடங்காது. இருந்தாலும் எட்டு மாதத்தில் ஏழரை ஆறானது.

நாய் இப்படிப் பழகிவிட்டது. பழகாதது நான்.

தடைகளைத் தனித்தனியாகப் பொரி பிரமாதமாகச் செய்வாள். மூன்றை வரிசையாக வைத்தால் போதும், இரண்டாவதோடு நின்று என்னைப் பார்ப்பாள், அல்லது சம்பந்தமில்லாத டனலுக்குள் நுழைந்து மறுபுறம் வந்து வாலாட்டுவாள். நான் "ஜம்ப், ஜம்ப்" என்று கத்துவேன். இதை வீடியோ எடுத்து அனுப்பினேன். பெங்களூர்க்காரர் பார்த்துவிட்டு, சத்தத்தை அணைத்து, நாயைப் பார்க்காமல் உங்கள் காலை மட்டும் பாருங்கள் என்று பதில் போட்டார். பார்த்தேன். ஒவ்வொரு தவறிலும் என் செருப்பு முனை அந்தத் தவறான தடையைக் காட்டிக்கொண்டிருந்தது. வாய் கம்பி என்கிறது, தோள் டனல் என்கிறது. நாய் தோளைத்தான் நம்பும். பேச்சு அதற்குக் கடைசி. நாம் எந்தத் திசையில் நகர்கிறோம், தோள் எங்கே திரும்புகிறது, பாதம் எங்கே பார்க்கிறது, இவைதான் அதற்கு எழுத்து. முழங்காலுக்குக் கீழே உலகத்தைப் பார்க்கிற சின்ன நாய்க்குக் கேட்கவே வேண்டாம், பாதம்தான் முகம். அதற்குப் பிறகு செருப்பை விட்டுவிட்டு ஷூ வாங்கினேன், பச்சை நிறத்தில். நாய்களுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று வாங்கிய பிறகுதான் படித்தேன்.

குனியக் கூடாது என்பது இன்னொன்று. சின்ன நாயோடு ஓடுகிறவர்கள் எல்லாருக்கும் வரும் வியாதி இது. அதன் உயரத்துக்கு நாமும் இறங்கிவிட்டால் நன்றாகப் புரியும் என்று ஒரு நினைப்பு. கூனிக்கொண்டு கையைத் தரைக்கருகே நீட்டி ஓடுவேன். மேலிருந்து ஒரு பெரிய உருவம் கவிழ்ந்து வருவதைப் பார்க்கிற நாய் விலகத்தான் செய்யும். நிமிர்ந்து ஓடியதும் அவள் என் காலை ஒட்டி வந்தாள். என் முதுகுவலியும் போனது.

மூன்றாவது தவறு மட்டும் வீடியோவில் பல மாதம் தெரியவே இல்லை. பெரிய நாய்க்காரர்களின் கவலை, நாய் முந்திக்கொண்டு போய்விடுகிறது, நாம் பின்னால் மூச்சு வாங்குகிறோம் என்பது. எனக்கு நேர்மாறு. பார்டர் காலி இரண்டே பாய்ச்சலில் கடக்கிற இடைவெளியில் பொரி ஐந்தாறு எட்டு வைப்பாள். நாற்பத்தேழு வயதில் நான் அவளைவிடச் சீக்கிரம் அடுத்த தடைக்குப் போய்விடுவேன். போய் நின்று, திரும்பி, "வா வா வா" என்பேன். அவள் வேகம் குறைந்துவிடும். கூப்பிடக் கூப்பிடக் குறையும். இன்னும் ஆர்வமாகக் கூப்பிடுவேன், இன்னும் குறையும்.

அன்றைக்குத்தான் பால்காரர் அண்ணன் வேலியோரம் நின்று பார்த்தது. நேரத்தைக் கேட்டார், சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

"நாயி நல்லாத்தான் ஓடுது டீச்சர். நீங்க முன்னாடி போயி நிக்கிறீங்க. நின்னா அதுக்கு இன்னா அர்த்தம்? வந்து சேந்தாச்சின்னு அர்த்தம். எங்க மாட்டுக்கு எல்லைக் கோட்டாண்ட ஆளு நிக்கவுட மாட்டோம். கோட்டுல நின்னு கூப்ட்டா, கோட்டுக்கு முன்னாடியே கால கொறைச்சிடும். ரொம்ப தூரம் தள்ளிப் போயி நின்னுகினு கூப்புடணும். கோடுன்னு ஒண்ணு கீறதே மாட்டுக்குத் தெரியக் கூடாது."

"இதுல ஒண்ணொண்ணுக்கும் கூடவே போகணும் அண்ணே."

"போங்க. முன்னாடி போய் நிக்காதீங்க. போய்கினே இருங்க."

கையில் தடியை ஊன்றிக்கொண்டு காளைகளோடு வளர்ந்த மனிதர் ஒரு வாக்கியத்தில் முடித்ததை, பெங்களூர்க்காரரிடம் கேட்டபோது ஆமோதித்து, அதற்கு ஆங்கிலத்தில் மூன்று நிமிடக் குரல்பதிவு அனுப்பினார். இரண்டும் ஒன்றுதான். நான் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் நிற்கக் கூடாது. அவளுடைய எட்டுக்கு ஏற்றபடி, தடைக்கு நான் போய்ச் சேரும் நேரமும் அவள் சேரும் நேரமும் ஒன்றாக இருக்கும்படி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தாமதமாகக் கிளம்பி, நிற்காமல் போவது. சொல்வது சுலபம். இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் விடையை எழுதிவிட்டு, சாக்பீஸைத் தட்டிக்கொண்டு வகுப்பு வந்து சேரக் காத்திருக்கிற உடம்பு இது. இதை வைத்துக் கல்வியைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று கை பரபரக்கிறது. எழுதப் போவதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு என்னால் கோழி ஈரல் அவித்துக் கொடுக்க முடியாது.

போட்டி சென்னைக்கு வெளியே, குளிர்காலத்தில். ஒரு நாய்க் கண்காட்சியோடு சேர்த்து நடத்தினார்கள். விடிகாலை மூன்றரைக்கு வாடகைக் காரில் கிளம்பினோம், நான், கணவர், அத்தை, பொரி. அத்தை வருவது திட்டத்தில் இல்லை. வாலாஜா சுங்கச்சாவடியில் பொரி ரசீது கொடுத்த பையனைக் குரைத்து ஓட ஓட விரட்டினாள், கார் கண்ணாடிக்குள்ளிருந்தபடியே.

சிறிய பிரிவில் நான்கே நாய்கள். இரண்டு ஜாக் ரஸ்ஸல், ஒரு மினியேச்சர் ஷ்னவுசர், நாங்கள். மற்றவர்களின் நாய்கள் பெட்டிக்குள் அமைதியாகப் படுத்திருந்தன. எங்கள் நாய் அத்தை மடியில். முதல் ஓட்டத்துக்கு மைதானத்தை நடந்து பார்த்து, வரைபடத்தை வரைந்து, கோணமெல்லாம் குறித்து வைத்தேன். பட்டையைக் கழற்றினேன். பொரி முதல் கம்பியைத் தாண்டினாள். இரண்டாவதைத் தாண்டினாள். மூன்றாவதற்குப் போகும் வழியில் நின்றாள், தரையை முகர்ந்தாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், உட்கார்ந்து சிறுநீர் கழித்தாள்.

விதிப்படி அதற்கு உடனே வெளியேற்றம். விசில் ஊதிவிட்டார்கள். மொத்தம் ஆறு விநாடி.

வெட்கத்தில் எனக்குக் காது அடைத்தது. காரணம் வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்த மைதானம் முழுக்கப் புல். பச்சைப்பசேலென்று, ஈரமாக. பொரி பழகியதெல்லாம் எங்கள் மனையின் செம்மண் புழுதியில். அவள் வாழ்க்கையில் புல் என்பது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் மேல்நிலைத் தொட்டி கசிகிற இடத்தில், ஒரு கட்டில் அகலத்துக்கு. தினமும் காலை ஐந்து மணிக்கு அவளை அங்கே கூட்டிப் போய், "போ, போ" என்று நின்று, போனதும் "சமத்து" என்று சொல்வது நான்தான். மூன்று வருடமாகச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்தாள். அதற்கு ஈரல்கூடக் கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல் இரண்டாவது ஓட்டம். இந்தத் தடவை அரைமணி நேரம் முன்பே வெளியே இருந்த புல்லில் நடக்கவிட்டு, வேலையெல்லாம் முடியவைத்துத்தான் உள்ளே கூட்டிப்போனேன். 16 தடை, 150 மீட்டர், அதற்குக் கொடுத்த நேரம் 60 விநாடி. தொடங்கியது மட்டும்தான் தெளிவாக நினைவிருக்கிறது. டனலுக்குள் அவள் போனதும் நகங்கள் துணியில் உரசுகிற சத்தம், மறுமுனையில் வெள்ளையாக ஒரு பந்து வெளியே விழுந்தது, சீசா மெல்லச் சாயும்போது நுனியில் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு அவள் காத்திருந்தது, பலகை அடித்ததும் அதைப் பார்த்து ஒரு குரைப்பு. கூட்டம் சிரித்தது. வீவ் போலில் வலது பக்கத்திலிருந்து வந்தும் முதல் கழி இடது தோளில் சரியாகப் பட்டது. நான் நிற்கவில்லை. எங்கேயும் நிற்கவில்லை. பதினைந்து தடை, ஒரு கம்பி விழவில்லை.

பதினாறாவதற்கு முன்னால் நின்றேன்.

முடிந்தது என்று மனசு சொல்லிவிட்டது போலிருக்கிறது. கால் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது, கை தட்டுவதற்குக்கூடத் தயாராகிவிட்டது. பொரியும் நின்றாள். கம்பிக்கு ஒரு முழம் முன்னால், என் ஷூவைப் பார்த்து. நீதிபதியின் கை உயர்ந்தது. தயக்கம், ஐந்து பிழைப்புள்ளி. நான் பதறி மறுபடி ஓட, அவளும் சுற்றி வந்து தாண்டினாள். 51.6 விநாடி.

ஒரு ஜாக் ரஸ்ஸல் பிழையில்லாமல் முடித்தது. இன்னொன்று வரிசை மாறி வெளியேறியது. ஷ்னவுசருக்குப் பத்துப் பிழைப்புள்ளி. ஆக நால்வரில் இரண்டாவது. ஆங்கிலத்தில் அச்சடித்த சான்றிதழில் பொரி பூரியாகியிருந்தாள். திருத்தித் தரச் சொல்லிக் கேட்டேன். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்றார்கள். அத்தை அதை வாங்கிப் பார்த்து, "அந்தப் பிஸ்கட்ட முழுசாக் குடுத்திருந்தா மொதலா வந்திருக்கும்" என்றார். திரும்பி வரும்போது காஞ்சிபுரம் தாண்டும்வரை காரில் யாரும் அதை மறுக்கவில்லை. நானும் பொரியும் தூங்கிவிட்டிருந்தோம்.

மறுநாள் பால்காரர் அண்ணன் கேட்டது, "எத்தினி செகண்டு?" 51.6 என்றேன். எத்தனை மீட்டர் என்று கேட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டார். கடைசித் தடையில் நடந்ததையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாலை ஊற்றிவிட்டு, மனைக்குள் போய், கடைசிக் கம்பியிலிருந்து பத்து எட்டு வைத்து நடந்து, தன் காலிலிருந்த ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி அங்கே வைத்தார்.

"இதுவரிக்கும் ஓடுங்க டீச்சர். கம்பி கணக்குல கிடையாது."

மற்றொரு செருப்போடு வண்டியை உதைத்துக் கிளம்பிப் போனார். மறுநாள் பழைய செருப்பு ஒன்றை அங்கே வைத்து அவருடையதைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது தினமும் கம்பியைப் பார்க்காமல் அந்தச் செருப்பை நோக்கி ஓடுகிறேன். பொரி கம்பியைத் தாண்டி, என்னைத் தாண்டி, எனக்கு முன்னால் செருப்பை அடைந்து, அதைக் கவ்விக்கொண்டு கேட்டைத் தாண்டித் தொட்டியடிப் புல்லுக்கு ஓடுகிறாள். போன வாரத்திலிருந்து மூன்று செருப்புகளைக் காணோம். மூன்றும் இடது கால்.